நொடிக் கணக்குப்பிள்ளை

ஜமீன்களோடு கணக்குப்பிள்ளைகளும் ஒழிந்துபோனார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவர்களில் ஒரு கிளை கார்களின் பக்கம் ஒதுங்கிப் பிழைத்துக்கொண்டிருக்கிறது. நெல்லுக்கும் குத்தகைக்கும் பதிலாக நொடிகளை எழுதிவைக்கும் ஆசாமிகள் இவர்கள். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் (சுருக்கமாக ஈவோ), சுபாரு இம்ப்ரேஸா எஸ்டிஐ என்ற இரண்டு ஜப்பானியக் கார்கள்தான் இவர்களுடைய ஜமீன். இரண்டும் 1990களில் உலக ராலிப் போட்டிகளுக்காக வளர்க்கப்பட்டவை. நாலு கதவு, பின்னால் டிக்கி, அதன்மேல் துணி காயப்போட வசதியாக ஓர் இறக்கை. கணக்குப்பிள்ளை இவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கர்ணம் நிலத்தைப் புல எண்ணால் குறிப்பிடுவதுபோல "சிஎன்9ஏ", "சிடி9ஏ", "ஜிசி8" என்று சேஸி எண்ணைச் சொல்வார். தெரியாதவர்கள் ஏதோ மருந்துப் பெயர் என்று நினைத்துக்கொள்ளலாம். யோகோஹாமாவின் டைகோகு வண்டி நிறுத்தத்தில் இவரைப் பார்க்கலாம். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பார்க்கலாம். சாதா லான்சர் நம் திருவள்ளூரிலேயே தயாரான காலம் ஒன்று இருந்ததால், இங்கேயும் அவருக்கு ஒரு பங்காளி உண்டு. அந்தப் பங்காளியின் டீசல் லான்சரில் இறக்கை மட்டும் ஜப்பான் அளவில் இருக்கும். பந்தயத் தடத்தில் எப்போதாவது ஓட்டியிருக்கிறாரா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. நாகரிகமில்லை.

அவரிடம் நடக்கும் தீராத வழக்கு ஒன்றே ஒன்றுதான்: பழைய தலைமுறை வேகமா, புதிய தலைமுறை வேகமா? ஒரே தடம், ஒரே கடிகாரம், இரண்டு கார். ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நமக்குத் தோன்றும். தெரியாது. ஏனென்றால் தீர்ப்பை எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அவர் சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறார். பிடித்த கார் முந்தினால் "நொடி பொய் சொல்லாது." பிந்தினால் "அன்றைக்கு எந்த டயர் போட்டிருந்தார்கள்?" இந்த இரண்டு வாக்கியங்களையும் கையில் வைத்திருப்பவரை எந்தக் கடிகாரத்தாலும் தோற்கடிக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது வாக்கியம் நியாயமானது. அவர் அதைத் தோற்கும்போது மட்டும் நினைத்துக்கொள்கிறார் என்பதுதான் கோளாறு.

டோக்கியோவுக்கு வடக்கே இபராகி மாகாணத்தில் இருக்கும் சுகுபா தடத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப்பிள்ளைக்கு அது குலதெய்வக் கோயில். ஒரு சுற்று 2.045 கிலோமீட்டர். கடையில் வாங்கின ஈவோ ஒன்று அதை ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே எடுத்துக்கொண்டு சுற்றிவரும். 65 நொடி என்று வைத்துக்கொண்டால், நொடிக்குச் சராசரியாக 31 மீட்டர். அவர் கண்கள் பளபளக்க "அரை நொடி வித்தியாசம்" என்று அறிவிக்கும்போது, அவர் சொல்வது சுமார் 15 மீட்டர். மூன்றரை கார் நீளம். அவ்வளவு தூரத்தை ஒரு திருப்பத்தில் தாமதமாகப் பிரேக் பிடிக்கத் தெரிந்த ஓட்டுநர் தருவார், புது டயர் தரும், ஜனவரி மாதமும் தரும். 5 டிகிரிக் காற்று 35 டிகிரிக் காற்றைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் அடர்த்தியானது. டர்போ எஞ்ஜினுக்கு அது தீபாவளி பட்சணம். சுகுபாவில் சாதனை நேரத்துக்கு முயல்கிறவர்கள் குளிர்காலத்துக்காகக் காத்திருப்பது இதற்காகத்தான். கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் கார், நேரம் என்று இரண்டே பத்திகள். தேதிக்குப் பத்தி கிடையாது.

சரி, எடையைப் பார்ப்போம். அவருடைய பிரம்மாஸ்திரம் அதுதான். 1992இல் வந்த முதல் ஈவோ ஏறக்குறைய 1,240 கிலோ. 2007இல் வந்த பத்தாவது ஈவோ, இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டியோடு, சுமார் 1,540. பதினைந்து வருஷத்தில் ஆறு மூட்டை சிமெண்ட். "காரா இது, கலியாண மண்டபமா?" என்பார். காகிதத்தில் பார்த்தால் அவர் கட்சிக்குப் பலம் இன்னும் கூடும்: முதல் ஈவோவுக்கு 250 குதிரைத்திறன், டன்னுக்கு 202 குதிரை, பத்தாவதற்கு ஜப்பானில் வந்தபோது 280, டன்னுக்கு 182 குதிரை. கணக்குப்படி கிழவர் ஜெயிக்க வேண்டும். தடத்தில் இறக்கினால் பேரன் ஜெயிக்கிறான். காரணத்தைத் தேட எஞ்ஜினைத் திறக்க வேண்டாம், குனிந்து சக்கரத்தைப் பார்த்தால் போதும். முதல் ஈவோவின் டயர் அகலம் 195 மில்லிமீட்டர். பத்தாவதன் டயர் 245. எடையை நாலு சக்கர அகலத்தால் வகுத்துப் பாருங்கள்: இரண்டிலும் ஒரு மில்லிமீட்டர் ரப்பருக்கு 1.6 கிலோவை ஒட்டியே வருகிறது. கரட்டுக் கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் கம்பெனிக்காரர்கள் சிமெண்ட் ஏற்றியபோதெல்லாம் செருப்பையும் அகலமாக்கிக்கொண்டே வந்தார்கள் என்பது இதில் தெரிகிறது. அதோடு ஐந்தாவது ஈவோவிலிருந்து பெரிய பிரெம்போ பிரேக்குகள் வேறு. எடையைப் பற்றி மூன்று மணி நேரம் பேசக்கூடியவர், டயர் அகலத்தைப் பற்றி மூன்று நிமிடம் பேசி நான் பார்த்ததில்லை.

குதிரைத்திறனிலும் கணக்கு அவ்வளவு சுத்தமில்லை. 280 குதிரைக்கு மேல் போவதில்லை என்று ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் கனவான்கள் ஒப்பந்தம் ஒன்று வைத்திருந்தன. 2004இல் அது முடிவுக்கு வந்த பிறகும் பழக்கம் சில காலம் நீடித்தது. அதனால் 1996இன் நான்காவது ஈவோவுக்கும் 280, 2005இன் ஒன்பதாவதற்கும் 280. மகனுக்கும் அப்பாவுக்கும் ஒரே சம்பளம். ஆனால் முறுக்குவிசை 353 நியூட்டன் மீட்டரிலிருந்து 400 ஆகியிருந்தது. ஒப்பந்தம் குதிரையை மட்டும்தான் எண்ணச் சொன்னது. "பார்த்தீர்களா, பத்து வருஷத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லை" என்று கணக்குப்பிள்ளை அட்டவணையைக் காட்டும்போது, அவர் காட்டுவது காரின் சரித்திரம் அல்ல, ஒரு சமரசத்தின் சரித்திரம்.

இந்த இடத்தில் அவர் கட்சி மாறுவார். நொடியை விட்டுவிட்டு ஆத்மாவுக்குப் போவார். "புதுக் காரில் கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது, மனுஷனுக்கு என்ன வேலை?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் தூய்மையின் இலக்கணமாகத் தூக்கிப்பிடிக்கிற அதே நான்காவது ஈவோவில்தான் பின்சக்கரங்களுக்கிடையே விசையைப் பங்குபோடும் மின்னணு ஏற்பாடு முதலில் வந்தது. 2001இன் ஏழாவதில் நடு டிஃபரன்ஷியலும் மின்னணுவின் கைக்குப் போனது. அதற்கென ஒரு பொத்தான், மூன்று நிலை: தார், சரளை, பனி. ஆக, கம்ப்யூட்டர் புகுந்த வீடு என்றால் அது தாத்தா காலத்திலேயே புகுந்துவிட்டது.

அந்தப் பொத்தானைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். மூன்று நிலைகளில் இரண்டு, பந்தயத் தடத்தில் கிடையாத தரைக்கானவை. இந்தக் கார்கள் பிறந்ததே அந்தத் தரைக்காக. குரூப் ஏ விதிப்படி ராலியில் இறக்க வேண்டுமானால் அதே காரில் 2,500ஐயாவது பொதுமக்களுக்கு விற்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயத்தில் பிறந்தது முதல் ஈவோ. கோலின் மெக்ரே 1995இல் சுபாருவிலும், டாமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை நாலு வருஷம் தொடர்ந்து மிட்சுபிஷியிலும் உலகப் பட்டம் வாங்கியது சேற்றிலும் சரளையிலும் பனியிலும் புரண்டுதான். அதை வழவழப்பான தடத்தில் ஓட்டி நொடி எண்ணுவது, வாடிவாசல் காளையைச் செக்கில் கட்டி எண்ணெய் அளக்கிற வேலை.

"கம்பெனிக்காரனே தடத்துக்குப் போகிறானே, நாங்கள் போனால் மட்டும் தப்பா?" என்று அவர் மடக்கலாம். வாஸ்தவம். 2010இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றில், 20.8 கிலோமீட்டரை, புதிய எஸ்டிஐ செடான் 7 நிமிடம் 55 நொடியில் முடித்தது என்று சுபாரு பெருமையாக அறிவித்தது. ஆனால் இந்தச் சாட்சி யாருக்கு உதவுகிறது? ஓட்டியவர் அதே டாமி மாக்கினன். மிட்சுபிஷியின் செல்லப்பிள்ளையாக இருந்து, பிறகு சுபாருவுக்கு மாறியவர். ஆறாவது ஈவோவில் அவர் பெயரிலேயே ஒரு பதிப்பு வந்திருக்கிறது. அவ்வளவு கைதேர்ந்தவரைத் தேடிப்பிடித்து உட்கார வைத்தார்கள் என்றால், கார் மட்டும் போதாது என்று கம்பெனிக்கே தெரிந்திருக்கிறது. தவிர, சுபாரு உலக ராலியை 2008 டிசம்பரிலேயே கைவிட்டிருந்தது. காட்ட மேடை இல்லாதபோது போன இடம் அது.

பிறகு எதற்கு இந்த மனுஷர் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்? என் கணிப்பு எளிது. 1997 கடைசியில் பிளேஸ்டேஷனில் கிரான் டூரிஸ்மோ விளையாட்டு வந்தது. ஈவோவும் இம்ப்ரேஸாவும் அதில் இருந்தன. அன்றைக்கு விளையாட்டுக் கட்டையைப் பிடித்திருந்த பையனுக்கு நான்காவது ஈவோதான் என்றைக்கும் வேகம். பத்து வருஷம் கழித்துப் பிறந்தவனுக்குப் பத்தாவதுதான். அவர் அளப்பது தன் பதினாறு வயதை. இதில் யாருக்கும் நஷ்டமில்லையே, சும்மா விடலாமே என்று நீங்கள் கேட்டால், விடலாம்தான். சேஸி எண்ணும், டர்போ அழுத்தமும், கியர் விகிதமும் மனப்பாடமாக வைத்திருப்பவர் இவர் ஒருவரே. நாளைக்கு யாராவது இந்தக் கார்களின் சரித்திரத்தை ஒழுங்காக எழுத நினைத்தால் இவர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். முடிவுரையை மட்டும் அவரிடம் கேட்டு எழுதக் கூடாது.

பத்தாவதோடு ஈவோ நின்றுபோனது. தன் இப்போதைய டபிள்யூஆர்எக்ஸ் காரை வைத்துப் பெட்ரோல் எஸ்டிஐ வராது என்று சுபாருவும் 2022இல் சொல்லிவிட்டது. வழக்கில் புதிய பிரதிவாதி யாரும் இப்போதைக்கு இல்லை. ஆகவே பழைய கட்டுகளையே அவர் திரும்பத் திரும்ப அவிழ்ப்பார். கலியாண வீட்டில், ரயிலில், டீக்கடையில் எங்காவது அவரிடம் நீங்கள் மாட்டிக்கொண்டால், எந்தக் கார் வேகம் என்று வாயைத் திறந்து கேட்டுவிடாதீர்கள். "எந்த மாசம் ஓட்டினாங்க சார்?" என்று கேளுங்கள்.