லிங்க் அண்ணன்

கம்பெனி பஸ் வேலைக்குப் போவதற்காக விடப்படுகிறது என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். அதில் போகிறவர்களுக்குத் தெரியும், அது தூங்குவதற்கான வண்டி. காலை ஷிஃப்டுக்கு இருட்டோடு தாம்பரத்தில் ஏறி, ஜன்னல் கம்பியில் துண்டைச் சுருட்டி வைத்துத் தலையைச் சாய்த்துவிட்டால், ஒரகடம் மேம்பாலம் வரும்வரை யாரும் எழுப்பக் கூடாது. இது எழுதாத சட்டம். இதை மீறுவதற்கென்றே பஸ்ஸுக்கு ஒருவர் இருக்கிறார்.

“தம்பி, ஒரே நிமிஷம். இத மட்டும் பாத்துட்டுத் தூங்கு.”

இவர்தான் லிங்க் அண்ணன். இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் என்று எந்த கேட்டில் நின்று விசாரித்தாலும் ஒருவரைக் கைகாட்டுவார்கள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பவர் பேங்க் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டார். உலகில் யாரும் பார்க்காத படங்களை எல்லாரும் பார்த்தாக வேண்டும் என்பது அவர் கொள்கை. தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் படத்தைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிப்பார். “அதான் எல்லாரும் பாக்குறாங்களே, நான் வேற எதுக்கு?”

அவர் தொழில் கற்றது நோக்கியா காலத்தில். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை திறந்தது. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்த வட்டாரத்து அறைகளில் சினிமா பரவியது புளூடூத் வழியாக. இரண்டு போன்களை ஒட்டி வைத்துவிட்டு, ‘நகராதே, கட்டாகிடும்’ என்று மிரட்டி, ஒரு சின்ன .3gp வீடியோ போய்ச் சேரும்வரை இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம். அப்படிச் சிரமப்பட்டு வாங்கியதைப் பார்க்காமல் விட யாருக்கும் மனம் வராது. இன்று அவர் ‘ஏ ஷிஃப்ட்’ வாட்ஸாப் குழுவில் ஒரே இரவில் பத்துப் பதினைந்து லிங்க் போடுகிறார். ஒன்றையும் யாரும் திறப்பதில்லை. ஆகவேதான் பஸ்ஸில் நேரடி விநியோகம்.

காட்டும் முறையே தனி. போனை உங்கள் கையில் தரமாட்டார். தானே பிடித்துக்கொள்வார், கட்டைவிரல் சரியாகச் சப்டைட்டிலை மறைத்துக்கொண்டிருக்கும். அவர் திரையைப் பார்ப்பதில்லை, உங்கள் முகத்தைப் பார்க்கிறார். சிரிக்க வேண்டிய இடத்துக்கு அரை நொடி முன்பே சிரித்துவிட்டு, “இரு, இரு, இப்பதான் வருது” என்பார். வந்த பிறகு நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி காட்டுவார்.

முதன்முதலாகச் சிக்குகிறவர்களுக்கு அவர் கொடுக்கும் பாலபாடம் ‘பென்னி லவா’. ‘பெண்ணின் மனதைத் தொட்டு’ படத்தில் பிரபுதேவா ஆடும் ‘கல்லூரி வானில்’ பாட்டுக்கு, 2007இல் மைக் சட்டன் என்ற அமெரிக்கர், தமிழ் தெரியாத தன் காதில் விழுந்த ஓசைகளையெல்லாம் ஆங்கிலச் சொற்களாக்கிக் கீழே ஓடவிட்டார். அர்த்தம் ஒன்றும் கிடையாது, ஆனால் உலகமே பார்த்துச் சிரித்தது. தமிழர்களுக்கு இதில் கொஞ்சம் கோபம் வரலாம். லிங்க் அண்ணனுக்கு வராது. லைனில் பக்கத்தில் நிற்கும் ஒடிசாப் பையனும் பீகார் பையனும் தமிழ்ப் பாட்டை அதே முறையில்தான் முணுமுணுக்கிறார்கள் என்பதை அவர் தினமும் காதால் கேட்கிறார். “தமிழே தெரியாம எல்லிஸ் டங்கன்னு ஒரு அமெரிக்கக்காரர் ‘சகுந்தலை’, ‘மீரா’, ‘மந்திரி குமாரி’யெல்லாம் எடுக்கலையா? பாடறதுக்கு என்ன கேடு?” என்று அவர்களுக்குத் தைரியம் சொல்வார். பையன்களுக்கு அந்தத் தமிழும் புரியாது, தலையாட்டுவார்கள்.

தொழிற்சாலைக்குள் போன் கூடாது என்ற விதி பல இடங்களில் உண்டு. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அண்ணனுக்கு இது தண்டனை என்று நினைத்தால் தவறு. அவர் உச்சத்துக்கு வருவதே அப்போதுதான். கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே ‘காடு’ படத்தை நடித்துக் காட்டுவார். 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த படம். ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. காட்டில் யானைகள் மிரண்டு ஓடுகின்றன, காரணம் பழங்காலத்து மாமத யானைகள். அவற்றுக்கு எங்கே போவது? நம்மூர் யானைகளுக்கே சடைமுடி ஒட்டி நடக்கவிட்டார்கள். இந்த இடம் வந்ததும் அண்ணன் சட்டைப் பையிலிருந்து காட்டன் வேஸ்ட்டை எடுத்து, முழங்கையில் சுற்றி, தும்பிக்கையாக நீட்டி மேஜைக்கு மேஜை போவார். அந்தப் படத்தை யூடியூபில் தேடிப் பார்த்த ஒரு டிரெய்னி, “அண்ணன் யானைதான் நல்லாருந்துச்சு” என்று சொன்னான். எனக்கும் அதே கருத்து. அவர் பகிர்கிற பல படங்களைவிட அவர் சொல்லும் கதை நீளம் குறைவு, வேகம் அதிகம்.

‘கலை அரசி’யும் அப்படித்தான். 1963இலேயே வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பறக்கும் தட்டில் வந்து பாட்டு கற்றுத்தர பானுமதியைக் கடத்திப் போக, எம்.ஜி.ஆர். அங்கேயே போகிறார். மற்றவர்கள் சொன்னால் நம்பமாட்டீர்கள். அண்ணன் சொன்னால் தட்டு கண்ணுக்குத் தெரியும், கேன்டீன் தட்டாக இருந்தாலும்.

ஆளுக்கேற்ற சரக்கு வைத்திருப்பார். சைக்கிள் டைம் குறையவில்லை என்று புலம்பும் சூப்பர்வைசருக்கு, 1999இல் பதினாலு இயக்குநர்கள் சேர்ந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் எடுத்து முடித்துக் கின்னஸில் ஏறிய ‘சுயம்வரம்’. ஆள் கூட்டினால் நேரம் குறையும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா என்று கேட்பார். கொரிய மேலாளருக்கு விஜய் நடித்த ‘மின்சார கண்ணா’. கொரியப் படமான ‘பாரசைட்’ 2020இல் நான்கு ஆஸ்கர் வாங்கியதும், ஒரே குடும்பத்தார் உறவை மறைத்துப் பணக்கார வீட்டில் ஒவ்வொருவராக வேலைக்குச் சேரும் கதை எங்கள் 1999ஆம் ஆண்டுப் படத்தினுடையது என்று தயாரிப்பாளர் தேனப்பன் வழக்குப் போடப்போவதாகச் சொன்னது செய்தியானது. அண்ணன் இதை, “சார், யுவர் பிக்சர், அவர் பிக்சர், சேம் சேம்” என்று இரண்டே வரியில் விளக்கினார். மேலாளர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “விஜய்?” என்றார். அது போதுமானதாக இருந்தது.

ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். குடும்பக் குழுக்களில் வரும் ஃபார்வர்டுகளைப் போல அவர் புளுகு பரப்புவதில்லை. ‘நம் தேசிய கீதத்தை யுனெஸ்கோ தேர்ந்தெடுத்தது’ வகையறாவை யாராவது போட்டால் முதலில் பாய்வது அவர்தான். அவர் போடுவது, 2002இல் பிபிசி உலக சேவை பிடித்த பாட்டுக்காக நடத்திய வாக்கெடுப்பில் ‘ராக்கம்மா கையத் தட்டு’ நான்காவதாக வந்த கதை. அல்லது நியூசிலாந்தில் மவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய பாத்திரம், தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணியாக இருந்த கதை. வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி 1836 வாக்கில் கண்டெடுத்த அந்த மணி இப்போது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டும் உண்மை. உண்மையாக இருப்பதாலோ என்னவோ, யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

இரவு ஷிஃப்ட் இடைவேளையில் ஒருமுறை ‘பொம்மை’யைச் சொன்னார். வீணை எஸ். பாலசந்தர் 1964இல் எடுத்தது. முடிவில் இயக்குநரே திரையில் வந்து, நடித்தவர்களோடு திரைக்குப் பின்னால் வேலை செய்தவர்களையும் அறிமுகப்படுத்துவார்.

“நாம செய்ற வண்டில நம்ம பேரு எங்கண்ணே இருக்கு?” என்றான் ஒருவன்.

“ரீவொர்க் வரட்டும். கரெக்டா வரும்,” என்றான் இன்னொருவன்.

அவரிடம் எல்லாரும் பயப்படுவது மறுநாள் நடக்கும் வாய்மொழித் தேர்வுக்குத்தான். “பாத்தியா? எந்த சீன் பிடிச்சுது?” பார்த்தேன் என்று பொய் சொன்னால் இரண்டாம் கேள்வியில் மாட்டுவீர்கள். பார்க்கவில்லை என்றால் முழுக் கதையும் கேட்க வேண்டும். ஆனால் மற்றவர்கள் அனுப்புவதை அவர் பார்ப்பாரா? அதெப்படி! “அனுப்பி வை, வீட்ல போய் நிதானமாப் பாக்குறேன்” என்பார்.

ஒடிசாப் பையன் ஒரு நாள் தன் ஊர் வீடியோ ஒன்றை அனுப்பிவிட்டு, மறுநாள் பஸ்ஸில் அவர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தான்.

“அண்ணா, பாத்தா? எந்த சீன் புடிச்சுது?”

“அந்தக் கடைசி சீன்ப்பா. பிரமாதம்.”

“அண்ணா, சீன் இல்ல. ஒரு ஆள் உக்காந்து பாட்டு. ஃபுல் பாட்டு.”

“அதான் சொல்றேன்,” என்றார் அண்ணன். “கடைசி வரைக்கும் எந்திரிக்கவே இல்ல பாத்தியா?”