கணக்குப் பரீட்சைக்குக் கூட்டாகப் படிப்பது எப்படி?

பிளஸ் டூ கணக்கைத் தனியாக உட்கார்ந்து படித்தால் தூக்கம் வரும். நாலு பேர் சேர்ந்து படித்தால் தூக்கம் வராது, பாடமும் வராது என்பது பெற்றோர் கட்சி. அந்தக் கட்சியின் நம்பிக்கை வீண்போகாதபடி குரூப் ஸ்டடி நடத்துவது எப்படி என்று, பல மொட்டை மாடிகளை நேரில் பார்த்தவன் என்ற தகுதியில் சில யோசனைகள் சொல்கிறேன்.

முதலில் ஆள் பிடிக்க வேண்டும். மாடி உள்ள வீட்டுப் பையன் ஒருவன் கட்டாயம். அவன் கணக்கில் எப்படி என்று விசாரிக்க வேண்டாம். அவன் அம்மா டீயோடு பஜ்ஜியும் அனுப்புவாரா என்று மட்டும் விசாரிக்கவும். அடுத்து, நோட்டு அழகாக எழுதுகிற ஒருவன். தலைப்புக்கு அடியில் ஸ்கெட்ச் கோடு, விடையைச் சுற்றிப் பென்சில் கட்டம். கணக்கு தப்பாக இருந்தாலும் பார்க்கச் சரியாக இருக்கும். மூன்றாவது, ஒரு சென்டம் பார்ட்டி. நாலாவது, எதைச் சொன்னாலும் "புரிஞ்சுது மச்சி" என்பவன். இவனைத் தேடி அலைய வேண்டியதில்லை, எந்தக் குழுவிலும் தானாகவே வந்து சேர்ந்துவிடுவான். பெண்கள் குழுவுக்கும் இதே நாலு பேர்தான். "புரிஞ்சுதுடி" என்று மட்டும் திருத்திக்கொள்ளவும்.

முதல் நாள் படிக்கக் கூடாது. எதையெல்லாம் படிக்க வேண்டாம் என்று முடிவு செய்கிற நாள் அது. எழுத்துத் தேர்வு 90 மார்க். அகமதிப்பீடு 10 பள்ளிக்கூடத்தின் கையில், அதற்காக மாடியில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒன் மார்க் 20, டூ மார்க் பத்தில் ஏழு, த்ரீ மார்க் பத்தில் ஏழு, ஃபைவ் மார்க் ஏழு, அந்த ஏழுக்கும் உள்ளேயே சாய்ஸ். இதைச் சுவரில் சாக்பீஸால் எழுதிப் போட்டுக்கொண்டு பேரத்தைத் தொடங்கலாம். வெக்டரை விட்டால் எவ்வளவு போகும்? பரவளையம், நீள்வட்டம் எல்லாம் வருகிற ஐந்தாம் பாடத்தை விட்டால்? பரீட்சையில் வராவிட்டாலும் இந்தக் கூட்டல் கழித்தலில் மாநிலமே தேர்ச்சி பெற்றிருக்கிறது. இருட்டுவதற்குள் ஆளுக்கொரு பாடத்தை விட்டிருப்பார்கள். 30-ஆவது கேள்வியும் 40-ஆவது கேள்வியும் கம்பல்சரி, அங்கே சாய்ஸ் செல்லாது என்று யாராவது ஞாபகப்படுத்தினால், "அப்ப பாத்துக்கலாம்" என்று சொல்லி டீயைக் குடிக்கவும்.

மறுநாள் பாடம் பிரிப்பது. இரண்டு தொகுதி, 12 பாடம், நாலு பேர், ஆளுக்கு மூன்று. அந்த மாடியில் மீதியில்லாமல் வரும் ஒரே வகுத்தல் இதுதான். ஆனால் நாலு பேருக்குமே 12-ஆவது பாடமான தனிநிலைக் கணிதம்தான் வேண்டும், மெய்மை அட்டவணையில் கட்டம் போட்டு நிரப்பினால் மார்க் விழும் என்பதால். பி எனில் கியூ எப்போது பொய் என்பதில் மட்டும் எல்லோருக்கும் குழப்பம். மழை பெய்தால் லீவு என்று கலெக்டர் சொல்கிறார். மழை பெய்தும் லீவு விடவில்லை என்றால்தான் அவர் சொன்னது பொய், மற்ற மூன்று வரியும் மெய். இதைச் சொல்லிக்கொடுத்தால் உதாரணம் மட்டும் மனதில் நின்று, இந்த வருஷம் எத்தனை நாள் மழை லீவு விட்டார்கள் என்று பேச்சு திரும்பும். திரும்பட்டும்.

கூட்டாகப் படிக்கிறவர்களுக்கென்றே வைத்ததுபோல் பத்தாம் பாடத்தில் ஒரு கொலை நடந்திருக்கிறது. இரவு 8 மணிக்குத் துப்பறிவாளர் பிணத்தைப் பார்க்கிறார். உடலின் வெப்பநிலை 70 டிகிரி ஃபாரன்ஹீட். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 60. அறையின் வெப்பநிலை 50. உயிரோடு இருந்தபோது 98.6. கொலை எத்தனை மணிக்கு நடந்தது? நியூட்டனின் குளிர்ச்சி விதிதான், ஆனால் நியூட்டனிடம் அவசரப்பட்டுப் போகக் கூடாது. அந்த இரண்டு மணி நேரமும் துப்பறிவாளர் பிணத்துக்குப் பக்கத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? போலீஸுக்கு ஏன் போன் பண்ணவில்லை? 50 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் 10 டிகிரி செல்சியஸ். கொலை ஊட்டியில் நடந்ததா, இல்லை ஏசியை அப்படி வைத்திருந்தார்களா? பஜ்ஜி தீரும்வரை இதை விசாரிக்கலாம். பிறகு சென்டம் பார்ட்டி நோட்டை இழுத்துத் தொகையிட்டு, மடக்கை போட்டு, மாறிலியைக் கண்டுபிடித்து, கிட்டத்தட்ட 5 மணி 26 நிமிடம் என்று எழுதுவான். மற்றவர்கள் படியெடுக்கவும். "புரிஞ்சுது மச்சி." அன்றைய படிப்பை இங்கேயே முடித்துக்கொள்வது உத்தமம்.

முடிக்காவிட்டால் ஆபத்து உண்டு. ஐந்தாவதாக ஒருவன் படியேறி வருவான். பள்ளியில் மெல்லக் கற்போர் பட்டியலில் இருப்பவன், கையில் மினிமம் மெட்டீரியல். நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா எல்லாத்துலயும் 50-ஐக் கழிக்கிற?" என்று கேட்பான்.

"ஃபார்முலா அப்படித்தான்டா."

"அதான், ஏன்?"

சென்டம் பார்ட்டி கைடைப் புரட்டுவான். கைடிலும் 50-ஐக் கழித்திருப்பார்கள், காரணம் இருக்காது. மானம் போகாமல் இருக்க அவன் சாக்பீஸை எடுத்துச் சுவருக்குப் போயாக வேண்டும். அறையைவிட உடல் எவ்வளவு கூடுதல் சூடோ, அந்தக் கூடுதல்தான் கரைகிறது. 8 மணிக்குக் கூடுதல் 20, 10 மணிக்கு 10. ஆக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகிறது. பின்னால் போனால் 6 மணிக்கு 40 இருந்திருக்கும், 4 மணிக்கு 80. உயிர் போன நேரத்தில் 98.6-இல் 50 போக 48.6. அது 40-க்கும் 80-க்கும் நடுவில், 40-க்குப் பக்கத்தில். "அப்ப அஞ்சரை வாக்குல செத்திருப்பான்" என்று அந்த மெல்லக் கற்பவன் மடக்கையைத் தொடாமலே சொல்லிவிடுவான்.

இது குழுவுக்கு நல்லதல்ல. எண்களை மாற்றிக் கொடுத்தாலும் இந்தக் கணக்கு இனி விளக்கியவனுக்கு வரும், கேட்டவனுக்கும் வரும், கட்டம் போட்டு எழுதியவனுக்குத்தான் வராது. அதைவிட மோசம், இத்தனை நாளாகத் தான் ஃபார்முலாவை உருப்போட்டுக்கொண்டிருந்தோம் என்று சென்டம் பார்ட்டிக்கே தெரிந்துபோகும். அன்று ராத்திரி அவன் தனியாக வெக்டர் பாடத்தை எடுத்து, ஒரு முக்கோணத்தின் குத்துக்கோடுகள் மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கும் என்பதைப் பார்க்காமல் எழுதிப் பார்ப்பான். ஆகவே 'ஏன்' கேட்பவர்களை மாடிப்படியிலேயே மறித்து, கடைக்கு அனுப்பிவிடவும்.

நடுவில் பெரியப்பா ஒருவர் மேலே வருவார். எங்கள் காலத்தில் கணக்குக்கு 200 மார்க், மொத்தம் 1200 என்பார். உண்மைதான், 2018 மார்ச் வரை அப்படித்தான் இருந்தது, அதற்கடுத்த ஆண்டுதான் 600 ஆயிற்று. அவர் பத்து மார்க் கேள்விகளைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை எல்லோரும் பென்சில் சீவிக்கொண்டிருக்கலாம்.

வாட்ஸ்ஆப் குழு ஒன்று அவசியம். எந்த ஊரில் யார் தயாரித்ததென்று தெரியாத 'கண்டிப்பா வரும்' பட்டியல்கள் அங்கேதான் வந்து விழும். ஏழெட்டுப் பட்டியல்களைச் சேர்த்தால் முழுப் புத்தகமும் வந்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டாம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி பதினொன்றரைக்கு, "டேய், புக் பேக் ஒன் மார்க் மட்டும் பாத்தா போதுமா, கிரியேட்டிவ் வேற வருமா?" என்று ஒருவன் போடுவான். யாரும் பதில் போடக் கூடாது. 'வரும்' என்றால் அவன் தூங்க மாட்டான், 'வராது' என்றால் மறுநாள் உங்களைத் தூங்க விடமாட்டான்.

பரீட்சையன்று காலை கேட் வாசலில் நின்று ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்வது மரபு. நேர்மாறு சைனின் வீச்சகம் என்ன என்று ஒருவன் கேட்டதும், நேற்றுவரை தெரிந்த மற்றதெல்லாமும் சேர்ந்து மறந்துபோகும். மணியடித்தால் உள்ளே போய்விடவும். 10 மணிக்கு வினாத்தாள் வரும். படித்துப் பார்க்க 10 நிமிடம் தருவார்கள். அந்த நேரத்தில் பக்கத்து வரிசையில் இருக்கும் குழு உறுப்பினரைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவர் சிரித்தால் நீங்கள் விட்ட பாடம் வந்திருக்கிறது. அவர் சிரிக்காவிட்டால் இரண்டு பேர் விட்டதும் வந்திருக்கிறது.

வெளியே வந்ததும் சென்டம் பார்ட்டி கேள்வித்தாளை மடித்துப் பிடித்தபடி உங்களைத் தேடி வருவான். 40-ஆவதுக்கு என்ன வந்தது என்று கேட்பான். தண்ணீர் குடிப்பதுபோல் பாட்டிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, அவன் விடையை அவனே சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, "எனக்கும் அதேதான் மச்சி" என்று சொல்லவும்.