முப்பந்தலில் மூச்சு வாங்குதல்: வண்டி நாடி குறித்த ஓர் ஆய்வு

ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் நோக்கி வருகிற காருக்குக் காவல்கிணறு தாண்டியதும் இரண்டு காரியங்கள் நேரலாம். ஒன்று எதிர்க்காற்று. மற்றது, மீட்டர் போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு. இரண்டும் சேர்ந்து வந்துவிட்டால், ஆக்சிலேட்டரை மிதித்த கால் மிதித்தபடி இருக்க, வண்டி நாற்பதுக்கு மேல் போக மறுக்கும். தோவாளைக்குப் பூ எடுக்கப் போகிற மினி லாரி ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போகும். இந்நிலைக்கு ஊர் வழக்கில் 'வண்டி இழுக்க மாட்டேங்கு' என்று பெயர். வொர்க்‌ஷாப் வழக்கில் 'புல்லிங் இல்லை'. அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளாத இப்பொருளை முறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் காற்றுக் கொள்கையினரின் வாதத்தை எடுத்துக்கொள்ளலாம். மேற்குத் தொடர்ச்சி மலை தேய்ந்து முடிகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. முப்பந்தலைச் சுற்றிச் சுமார் 1500 மெகாவாட் திறனுக்குக் காற்றாலைகளை நட்டுவைத்தது அதனால்தான். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். எண்பதில் போகிற காருக்கு எதிரே நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், வண்டி உணர்வது நூற்றிருபது. தடை இரண்டே கால் மடங்கு. எனவே இழுக்காததற்குக் காரணம் காற்றே என்பர் ஒருசாரார். அது பொருந்தாது. காற்று மின்சாரம் எடுக்க உதவுமேயன்றி மீட்டர் போர்டில் விளக்கு ஏற்றாது. ஐயம் தீராதவர்கள் வண்டியைத் திருப்பிக் காவல்கிணற்றுப் பக்கம் ஓட்டிப் பார்க்கலாம். அங்கும் இழுக்கவில்லை என்றால் பழியைக் காற்றின் தலையிலிருந்து இறக்கிவிட வேண்டியதுதான்.

இத்துறைக்கு முன்னோர் யார் என்று காட்டுவது ஆய்வு மரபு. தொல்காப்பியத்தைக் கேட்டு ஆராய்ந்தவர் அதங்கோட்டு ஆசான் என்று அதன் பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு விளவங்கோட்டுப் பக்கம் இருக்கும் தங்கள் ஊர்தான் என்பதில் அங்குள்ளவர்களுக்கு ஐயமே இல்லை. இலக்கணம் கேட்டவர் ஆசான். வர்மம் சொல்லித்தருகிறவரும் ஆசான். ஸ்பானர் பிடிக்கிறவரும் தலை நரைத்துவிட்டால் ஆசான். மூன்று ஆசான்களுக்கும் தொழில் ஒன்றே: குறியைப் பார்த்துப் பொருள் சொல்வது. வர்மத்தில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது வழக்கமான கணக்கு. அந்தக் கலையின் முதல் பாடம், அடி ஒரு இடத்தில் பட்டால் வலி வேறிடத்தில் தெரியும் என்பது. கார் கம்பெனிக்காரர்கள் இதை மிகத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தார்கள்.

ஏனெனில் விளக்கின் வரலாறு அவ்வளவு பழையதல்ல. அமெரிக்காவில் ஹட்சன் கம்பெனி 1930களில் சில அளவைமானிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விளக்கு வைத்தது. முள்ளைப் பார்த்துப் பொருள் கொள்ளத் தெரியாதவருக்கு என்பதால், அங்குள்ள ஓட்டுநர்கள் அதற்கு 'முட்டாள் விளக்கு' என்று பெயரிட்டார்கள். நம்மூர் அம்பாசடரில் விளக்குகள் குறைவு. வண்டியின் கோளாறை வண்டியிலிருந்த எல்லோருமே காதால் கேட்டுத் தெரிந்துகொண்டதால் தேவையும் குறைவு. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் ஆயில், பேட்டரி என்று இரண்டொரு கண்கள் திறந்தன. அதன் பிறகும் கார்பரேட்டர் காலம் முழுக்க, வண்டிக்குத் தன் நோயைத் தானே சொல்லும் வாய் கிடையாது. கலிபோர்னியா மாநிலம் புகையைக் கட்டுப்படுத்த விதி செய்தபோதுதான் அந்த வாய் பிறந்தது. 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் எல்லாக் கார்களுக்கும் ஒரே முறையிலான சுயபரிசோதனை கட்டாயமாயிற்று. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4-இன் கீழ் 2010-இல் ஒரு பாதியும் 2013 ஏப்ரலில் மறுபாதியுமாக அது வந்து சேர்ந்தது. ஆகவே அந்த மஞ்சள் விளக்கு பிறந்தது வண்டிக்காரர் நலனுக்காக அல்ல, பின்னால் நின்று புகை குடிக்கிறவர் நலனுக்காக. இந்த நுட்பம் தெரியாமல்தான் பலரும் அதன்மேல் கோபப்படுகிறார்கள்.

விளக்கின் உருவங்களைப் பற்றிய ஆராய்ச்சி தனி நூலாக விரியக்கூடியது. உலகம் முழுக்க ஒரே பொருள் தரவேண்டும் என்று சர்வதேசத் தர நிறுவனம் 2575 என்ற எண்ணில் இவற்றுக்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. ஆயினும் பொருள் கொள்வது ஊருக்கு ஊர் மாறும். ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிகிற சிவப்புச் சின்னம், சொட்டு விடுகிற எண்ணெய்க் குப்பி; கல்குளம், விளவங்கோட்டில் அது சந்தேகமில்லாமல் கிண்டி. இன்ஜின் சூடானால் வருவது, அலைக்கு நடுவே நட்டுவைத்த வெப்பமானி. கன்னியாகுமரிக்காரர் கண்ணுக்கு அது 133 அடி வள்ளுவர். இன்ஜின் சின்னத்தையே எடுத்துக்கொண்டால், பூதப்பாண்டிப் பக்கத்து வயல்காரர் யாரிடம் காட்டினாலும் பம்புசெட் என்பார். தவறென்று தள்ள முடியாது. அதுவும் இழுக்கவில்லை என்றால்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள்.

நிறத்துக்குரிய இலக்கணம் எளிது. பச்சையும் நீலமும் செய்தி. மஞ்சள் எச்சரிக்கை. சிவப்பு கட்டளை. மெய்ப்பாடு எட்டில் மஞ்சள் மருட்கைக்கும் சிவப்பு அச்சத்துக்கும் உரியவை. சர்வீஸ் பில் வரும்போது தோன்றும் அழுகை, இளிவரல், வெகுளி ஆகியவற்றுக்குத் தனி விளக்கு இன்னும் ஒதுக்கப்படவில்லை.

இனி நோய்க்கூறு. சித்த மருத்துவம் உடலை வாதம், பித்தம், கபம் என்று மூன்றாகப் பார்க்கிறது: காற்று, தீ, நீர். பெட்ரோல் இன்ஜினுக்கு உயிர் வாழ வேண்டியவையும் இதே மூன்றுதான். காற்று உள்ளே வரவேண்டும், பெட்ரோல் சேரவேண்டும், பிளக் தீப்பொறி விடவேண்டும். நாடி ஒன்று, அரை, கால் என்ற அளவில் நடக்கவேண்டும் என்பது சித்தர் கணக்கு. எடைக்கு 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது இன்ஜின் கணக்கு. இந்த ஒற்றுமை தற்செயலானது என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் வாதம் வாதநோயிலிருந்து பிறந்தது.

இழுவை குறைந்த எந்த வண்டியையும் இம்மூன்றுக்குள் அடக்கலாம். ஏர் பில்டர் அடைத்துக்கொள்வதும், டர்போவிலிருந்து வருகிற ஹோஸ் கழன்று நிற்பதும் வாதம். பிளக் தேய்வதும் இக்னிஷன் காயில் சாவதும் பித்தம். நாலு சிலிண்டரில் ஒன்று எரியாமல் போனால் பலத்தில் கால்வாசி போய், வண்டி முடக்குக்காரர் போல உதறும், அதுவே 'மிஸ் அடிக்குது'. பெட்ரோல் பம்பு தளர்வதும், இன்ஜெக்டர் அடைப்பதும், டேங்கில் நீர் கலப்பதும் கபம். இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் இவ்வூரில் கபத்தைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும்.

எது மிஞ்சியிருக்கிறது என்று அறிய எண்வகைத் தேர்வு உண்டு: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், நீர். ஆசான்கள் எட்டையும் பார்க்கிறார்கள், பெயர் சொல்வதில்லை, அவ்வளவே. ஐட்லிங்கில் விட்டுவிட்டு பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்து நிற்பது நாடியும் ஸ்பரிசமும். டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்துப் பார்ப்பது நா. ஆயில் பால்விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் கூலன்ட் உள்ளே கலக்கிறது என்று முகம் சுருங்கும். புகையில் நிறம்: கருப்பு என்றால் பெட்ரோலோ டீசலோ மிகுதி அல்லது காற்றுக் குறைவு, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, சூடேறிய பின்னும் அடர்ந்த வெள்ளை என்றால் கூலன்ட். காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளை வெறும் நீராவி. அதற்குப் பயப்படுகிறவர்கள் முதல் கார் வாங்கியவர்கள். மிதிக்கும்போது 'சீ' என்று ஒரு சத்தம் வந்தால் ஹோஸ் எங்கோ கிழிந்திருக்கிறது என்பது மொழி. சைலன்சர் வாயில் விரல் விட்டுக் கரியைப் பார்ப்பதை எந்தத் தேர்வு என்று விளக்க வேண்டியதில்லை. வண்டி நின்ற இடத்தில் குனிந்து தரையைப் பார்ப்பது கடைசித் தேர்வு. நிறமில்லாத நீர் என்றால் ஏசித் தண்ணீர், பழுப்பு என்றால் ஆயில், பளிச்சென்ற பச்சையோ சிவப்போ என்றால் பெரும்பாலும் கூலன்ட்.

மீதமுள்ள விழித் தேர்வுக்குத்தான் இப்போது ஸ்கேனர் வந்திருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு ஊசித் துளைகள் கொண்ட ஒரு வாய் இருக்கும். அதில் செருகினால் வண்டி ஒரு சங்கேதச் சொல் உரைக்கும். உதாரணமாக 'பி0301'. இதைச் சூத்திரம் போலப் பதம் பிரிக்கவேண்டும். முதல் எழுத்து இன்ஜினைச் சுட்டும். சுழியம் எல்லாக் கம்பெனிக்கும் பொது என்பதைச் சுட்டும். மூன்று, தீப்பற்றுதல் சார்ந்த கோளாறு. 01 என்பது முதல் சிலிண்டர். இவ்வெழுத்து வகை ஆங்கிலத்தில் நான்கு. அவற்றுள் இன்ஜினுக்குரியதும் கதவு, ஏர்பேக் போன்ற உடற்பகுதிக்குரியதும் தமிழில் எழுதினால் ஒரே 'பி' ஆகிவிடுகிற இடர்ப்பாடு இருக்கிறது. வல்லினத்துக்கு ஒரே எழுத்துப் போதும் என்று முடிவு செய்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க முடியாது.

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். சங்கேதச் சொல் நோயின் பெயரல்ல. எங்கே வலிக்கிறது என்று நோயாளி சொன்னது. 'பி0171' வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். அதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது, வயிற்றுவலி என்று சொன்னவனின் நாக்கை மாற்றுவதற்குச் சமம். கணக்கில் வராத காற்று ஏதோ விரிசல் வழியே புகலாம், பம்பு அழுத்தம் குறைந்திருக்கலாம், காற்றளவு சென்சாரில் தூசி படிந்திருக்கலாம். 'பி0301' வந்தால் நல்ல ஆசான் எதையும் வாங்கச் சொல்லமாட்டார். முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி, இரண்டாவதை முதலில் மாட்டி, ஓட்டிப் பார்ப்பார். சொல் 'பி0302' என்று மாறினால் குற்றவாளி காயில். மாறவில்லை என்றால் காயில் நிரபராதி, விசாரணை பிளக்குக்கும் இன்ஜெக்டருக்கும் நகரும். செலவு, ஒரு சாயா குடிக்கும் நேரம்.

அடுத்து, ஆய்வாளர்களைக் குழப்பும் ஒரு நுட்பம். இழுக்க முடியாத வண்டி வேறு, இழுக்க மறுக்கிற வண்டி வேறு. இன்றைய கார்களில் ஆக்சிலேட்டர் மிதிக்கும் இன்ஜினுக்கும் இடையே கம்பி கிடையாது. மிதியில் இரண்டு சென்சார்கள் இருந்து, கால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தனித்தனியே சாட்சி சொல்கின்றன. சாட்சிகள் முரண்பட்டால் கணினி இருவரையும் நம்பாது. வேகத்தைக் கட்டிப்போட்டு, வொர்க்‌ஷாப்வரை ஊர்ந்துபோகிற அளவுக்கு மட்டும் பலம் தரும். டர்போ அழுத்தம் கணக்குக்கு ஒத்துவராவிட்டாலும் பெரும்பாலும் இதே தண்டனை. மருத்துவ மொழியில் இது நோயல்ல, பத்தியம். வண்டி தனக்குத்தானே உப்பு, புளி, காரம் நிறுத்திக்கொள்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டிகளில் பெரும்பாலானவை இன்னொரு பத்தியமும் இருக்கும். புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி நிரம்பினால், அதைச் சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துக்கொள்ள நிற்காத ஓட்டம் வேண்டும். வடசேரிக்கும் கோட்டாறு சந்தைக்கும் மட்டுமே போய்வரும் டீசல் காருக்கு அந்த வாய்ப்பு வருவதேயில்லை. விளக்கு எரியத் தொடங்கியதும் நாலுவழிச் சாலையில் இருபது நிமிடம் சீராக ஓட்டினால் பெரும்பாலும் தணியும். வீட்டில் இதைச் சொல்லித் திருச்செந்தூர் கிளம்பியவர்கள் உண்டு.

ஊர் வைத்தியங்களையும் விடக்கூடாது. விளக்கின்மேல் கருப்பு டேப் ஒட்டுவது ஒன்று. சீட் பெல்ட் அலாரத்தை வாய் மூட வைக்கும் போலிக் கொக்கி அதன் உறவினர். ஐந்து ஆன்லைன் விற்பனைத் தளங்கள் அதை எடுத்துவிடவேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் உத்தரவிட்டது. பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுவது இன்னொன்று. விளக்கு அணையும், நினைவும் அழியும், நோய் இருக்கும். பிறகு ஸ்கேனரோடு வருகிற ஆசானுக்குப் படிக்க ஒன்றும் மிஞ்சாது.

மூன்றாவது, முப்பந்தல் இசக்கியம்மன். அவ்வழியே போகிற ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுக் காணிக்கை போட்டுவிட்டுப் போவது வழக்கம். சாவியை அணைத்து, இறங்கி, பத்து நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் வண்டி முன்போல இழுக்கும். அம்மன் அருளை இந்த ஆய்வு மறுக்கவில்லை. சாவியை அணைத்துப் போட்டால் கணினி பத்தியத்தைத் தற்காலிகமாகக் கைவிடுவது பல கார்களில் உண்டு என்பதை மட்டும் அடிக்கோடிடுகிறது. தோவாளைக்குள் விளக்கு மறுபடி எரிந்தால் அது காணிக்கைக் குறைவால் அல்ல.

எல்லாக் கோட்பாடுகளும் தோற்கிற இடமும் ஒன்று உண்டு. இரவு நல்லபடி நின்ற வண்டி காலையில் உதறும், விளக்கு எரியும், ஸ்கேனரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்கள் வரும். ஆசான் ஸ்கேனரை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்பார்:

"மக்கா, ராத்திரி வண்டிய எங்க போட்ட?"

"முற்றத்துலதான் ஆசானே, தென்னை மூட்டுல."

"பக்கத்துல நெல்லு கெடக்கா?"

"சாய்ப்புல நாலு மூடை கெடக்கு."

"பானட்டத் திற."

உள்ளே சென்சார் ஒயர் பல் பட்டுக் கிடக்கும். எலிக்கென்று தனியே ஒரு சங்கேதச் சொல் இன்னும் ஏற்படுத்தப்படவில்லை.

ஆய்வு முடிவுகள் வருமாறு. ஆயில் கிண்டியோ அலை நடுவே வள்ளுவரோ சிவப்பாக எரிந்தால் ஓரங்கட்டி இன்ஜினை அணைக்கவேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. மஞ்சள் பம்புசெட் நிலையாக எரிந்தால் மெதுவாக ஆசானிடம் போகலாம். அதுவே மினுக்கினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டெரிக்கிறது என்று பொருள். அந்தப் பாகத்தின் விலையைக் கேட்டால் இசக்கியம்மன் கோவிலிலேயே மறுபடி உட்கார்ந்துவிடத் தோன்றும். உடனே காலை எடுக்கவும். முப்பந்தலில் நிறுத்துகிறவர்கள் நாலு விளக்கையும் மினுக்கவிட்டு, தார் ரோட்டை விட்டு நன்றாக இறக்கி நிறுத்தவும்; பூ லாரி பின்னால் வருகிறது.