சனிக்கிழமை கேக், ஞாயிற்றுக்கிழமை கூடை

வெள்ளிக்கிழமை வரை வெந்நீர் வைக்கவே அலுத்துக்கொண்ட கைகள், சனிக்கிழமை காலையில் மின் தராசு வைத்து மைதாவைக் கிராம் கணக்கில் அளக்கின்றன. 2020 ஊரடங்கில் தொற்றிய பேக்கிங் காய்ச்சல் பலருக்கு இன்னும் இறங்கவில்லை. புளித்த மாவில் செய்யும் சவர்டோ ரொட்டிக்காக ஒரு வாரம் ஜாடிக்கு மாவும் தண்ணீரும் ஊட்டி, அதற்குச் செல்லப் பெயரும் சூட்டுகிறார்கள். பக்கத்திலேயே இட்லி மாவு ஒரே ராத்திரியில் பொங்கி மூடியைத் தள்ளுகிறது. அதைப் படமெடுக்கத்தான் ஆளில்லை.

கைவினைப் பிரிவும் சளைத்ததல்ல. தமிழ்நாட்டில் 2019 பிளாஸ்டிக் தடைக்குப் பிறகு வயர் கூடைக்கு மவுசு திரும்பியது. (அந்த வயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.) சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு எல்லாம் இப்போது கட்டணப் பயிலரங்கில் கிடைக்கின்றன. அத்தை சும்மா சொல்லித்தர வந்தபோது தலைவலி என்று நழுவியவர்கள்தான் முன்வரிசையில்.

கேக் நன்றாகவே இருக்கிறது, பொய் சொல்வானேன். முட்டை அடித்த கிண்ணத்தை மட்டும் செய்தவரே கழுவிவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.