ஈயும் எலியும் சேர்ந்து வாங்கிய நோபல்

கே: எதிர்ப்பாற்றலை ஆராயும் விஞ்ஞானி நாள் முழுக்க என்னதான் செய்வார்?
(பிளஸ் டூ மாணவி, ஈரோடு)

எலி ஏன் சாகவில்லை என்று கவலைப்படுவார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சில பாக்டீரியாக்களின் மேலுறையில் எண்டோடாக்சின் என்றொரு நச்சு உண்டு. மற்ற எலிகளைக் கொன்றுபோடும் அளவு ஏற்றினாலும் சி3ஹெச்/ஹெச்இஜே என்ற எலி இனம் மட்டும் அசராது. 1960-களிலிருந்தே தெரிந்த சங்கதி, காரணம்தான் தெரியாது. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் புரூஸ் பாய்ட்லர் 1993-ல் அதைத் தேடி உட்கார்ந்தார். காரணமான மரபணு நான்காவது குரோமோசோமில் எங்கோ இருக்கிறது என்பதுதான் துப்பு. எலியின் மரபணுத் தொகுதியை யாரும் முழுதாகப் படித்து முடிக்காத காலம். துண்டு துண்டாகப் படித்துக்கொண்டே போய் 1998-ல் பிடித்தார். ஒரு ரிசப்டர் புரோட்டீனில் 712-ஆம் இடத்தில் புரோலின் இருப்பதற்குப் பதில் ஹிஸ்டிடின். மரபணுவில் பார்த்தால் ஒரே ஓர் எழுத்துப் பிழை. ஐந்து வருஷம், ஓர் எழுத்து! எங்கள் பத்திரிகையின் பிழை திருத்துபவர் இதைக் கேட்டுக் கண் கலங்கினார்.

கே: நச்சு ஏறாத எலி என்றால் சாகாவரம் பெற்ற எலியா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி)

நேர் எதிர், ஐயா. உயிருள்ள சால்மோனெல்லா கிருமி கொஞ்சம் உள்ளே போனாலே மற்ற எலிகளுக்கு முந்தி இதுதான் சாகும். நச்சை உணராத உடம்புக்குக் கிருமி வந்ததும் தெரியாது. எண்டோடாக்சின் தானாக யாரையும் கொல்வதில்லை. அதை உணர்ந்த உடம்பு போடும் கூச்சல்தான் கொல்கிறது. அதே கூச்சல்தான் காப்பாற்றவும் செய்கிறது. இதை மனசில் வையுங்கள், கீழே ஒரு கஷாயக் கேள்வி வருகிறது.

கே: பிறவி எதிர்ப்பாற்றல், பெற்ற எதிர்ப்பாற்றல்: சுருக்கமாக வித்தியாசம் சொல்லவும்.
(போட்டித் தேர்வர், திருச்சி)

இரண்டாவது, திருடனின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்குச் சில நாள் பிடிக்கும். முதலாவதுக்கு முகம் தெரியாது, கையில் கன்னக்கோல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருந்தால் உடனே சத்தம் போடும்.

கே: பிறவி எதிர்ப்பாற்றல் என்ற எண்ணம் யாருக்கு முதலில் தோன்றியது?
(வங்கி ஊழியர், சேலம்)

உடம்பில் நுழைந்ததைச் செல்கள் விழுங்குவதை 1880-களிலேயே பார்த்து, 1908-ல் நோபலும் வாங்கிவிட்டார் ரஷ்யாவின் மெச்னிகாஃப். ஆனால் பிறகு வந்தவர்களுக்கு ஆன்டிபாடி மேல்தான் காதல். பிறவி எதிர்ப்பாற்றலைப் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் தள்ளிவிட்டு மறந்தார்கள்.

1989-ல் யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஜேன்வே ஒரு கட்டுரையில் குட்டை உடைத்தார். சுத்தமான புரோட்டீனை மட்டும் ஊசியில் ஏற்றினால் எலி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கூடவே செத்த பாக்டீரியாவையோ அலுமினிய உப்பையோ கலந்தால்தான் ஆன்டிபாடி வரும். எல்லா ஆய்வகத்திலும் கலந்தார்கள். ஏன் வேலை செய்கிறது என்று யாரும் உரக்கக் கேட்கவில்லை. இது நம் துறையின் அழுக்கு ரகசியம் என்றார் ஜேன்வே. கிருமிகளுக்கு மட்டுமே உரிய அடையாளங்களை உணரும் ரிசப்டர்கள் இருக்க வேண்டும், அவை அனுமதி கொடுத்தால்தான் மற்ற படை கிளம்பும் என்று ஊகித்தார். கையில் ஆதாரம் கிடையாது. அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பிடித்தது.

தாஷ்கண்டில் பிறந்த ருஸ்லான் மெட்ஜிட்டோவ் அந்தக் கட்டுரையை மாஸ்கோவில் மாணவராக இருந்தபோது படித்தார். ஜேன்வேக்கு எழுதினார், பிறகு அவரிடமே போய்ச் சேர்ந்தார். 1997-ல் இருவரும் மனிதச் செல்லில் அப்படியொரு ரிசப்டரைக் காட்டினார்கள். மறு வருஷம் பாய்ட்லரின் எலியில் பிழையோடு கிடைத்ததும் அதே ரிசப்டர்தான். இன்று அதன் பெயர் டோல் போன்ற ரிசப்டர் 4.

கே: ஈக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், பொள்ளாச்சி)

சொந்தம் என்றே சொல்லலாம். ஈக்கு ஆன்டிபாடி கிடையாது, ஆனாலும் அழுகிய பழத்தில் குடித்தனம் நடத்திக்கொண்டு நலமாக இருக்கிறது. எப்படி? பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் குழு இதைத்தான் கேட்டது. லக்ஸம்பர்கில் பிறந்த அவர் ஆரம்பத்தில் ஆராய்ந்தது வெட்டுக்கிளியை. பூச்சிக் கிறுக்கு அப்பா வழி வந்தது. மேலே சொன்ன ரிசப்டருக்குப் பெயர் தந்த டோல் என்ற மரபணு கெட்டுப்போன பழ ஈக்களைப் பூஞ்சை தின்றுவிடுகிறது என்று 1996-ல் காட்டினார்கள். அதுவரை கருவில் முதுகு எது, வயிறு எது என்று தீர்மானிக்கும் மரபணு என்றுதான் அதை அறிந்திருந்தார்கள்.

கே: ரிசப்டர் உணர்ந்துவிட்டது. அப்புறம் செல்லுக்குள் என்ன நடக்கும்?
(லேப் டெக்னீஷியன், வேலூர்)

டோல் ரிசப்டர் மைடி88 என்ற புரோட்டீனை இழுக்கும், அது ஐராக்கை எழுப்பும், அது ட்ராஃப்6-ஐ. இந்தப் பெயர்களை ஒப்பிக்காமல் இந்தத் துறையில் யாருக்கும் டாக்டர் பட்டம் கிடையாது. நீங்கள் கடைசி ஆளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்: என்எஃப்-கப்பா-பி. சும்மா இருக்கும் நேரத்தில் இன்னொரு புரோட்டீன் அதைக் கட்டிப்பிடித்து உட்கரு பக்கம் போகவிடாது. சிக்னல் வந்ததும் அந்தப் பிடி சிதைக்கப்படும். விடுபட்டது உட்கருவுக்குள் போய்ச் சண்டைக்கான மரபணுக்களை இயக்கும். காய்ச்சல், வீக்கம், உடம்புவலி எல்லாம் அதன் கைவரிசை. 1986-ல் டேவிட் பால்டிமோரின் ஆய்வகத்தில் இந்த என்எஃப்-கப்பா-பியைக் கண்டவர் ரஞ்சன் சென்.

கே: நோபலிலும் அரசியல் உண்டாமே?
(டீக்கடை பெஞ்ச், உசிலம்பட்டி)

2011-ஐப் பாருங்கள். பாதிப் பரிசு ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு; 1973-ல் டென்ட்ரிடிக் செல்லைக் கண்டவர். அறிவிப்பு அக்டோபர் 3. அவர் கணையப் புற்றுநோயில் இறந்தது செப்டம்பர் 30. குழுவுக்குச் சேதி தெரியாது. இறந்தவருக்குப் பரிசு இல்லை என்பது விதி. தெரியாமல் கொடுத்தது செல்லும் என்று தீர்த்துவைத்தார்கள். மீதிப் பாதி ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும். ஜேன்வே 2003-லேயே காலமாகிவிட்டார். எந்த ரிசப்டர் எதை உணர்கிறது என்று எலிகளில் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்துச் சொன்ன ஒசாகாவின் ஷிசுவோ அகிராவுக்கு இல்லை. ஹாஃப்மனின் ஆய்வகத்தில் அந்த ஈ சோதனைகளைச் செய்த புருனோ லெமெத்ர் பகிரங்கமாகவே குறைபட்டார். மெட்ஜிட்டோவுக்கும் இல்லை, ஹாஃப்மன், பாய்ட்லரோடு அதே ஆண்டு ஷா பரிசைப் பகிர்ந்தவர் அவர். ஒரு பரிசு, மூன்று பேர் என்ற கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் மெட்ஜிட்டோவை விட்டது அநியாயம்.

கே: தினமும் 'இம்யூனிட்டி பூஸ்டர்' கஷாயம் குடிக்கிறேன். எதிர்ப்பாற்றல் கூடுமா?
(தொழிலதிபர், திருப்பூர்)

கூடினால் சொல்லி அனுப்புங்கள், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியிருக்கும். எதிர்ப்பாற்றல் ஏற ஏற நல்லது என்று எந்த எலியும் சொல்லவில்லை. கிருமித் தொற்றில் உடம்பின் கூச்சல் கட்டுமீறினால் அதற்குப் பெயர் செப்சிஸ்; ஐ.சி.யூ.வில் கொண்டுபோய்விடும். சரி, டோல் 4-ன் வாயை அடைத்துவிட்டால் என்ன என்று எரிட்டோரான் என்ற மருந்தைச் செய்து பார்த்தார்கள். பெரிய சோதனையின் முடிவு 2013-ல் பிரசுரமானது: பலன் இல்லை. நோயாளி வந்து சேரும் நேரத்தில் சிக்னல் ஏற்கெனவே ஊரெல்லாம் பரவிவிட்டது என்பது பலர் சொல்லும் விளக்கம். இஞ்சி, மிளகு ருசிக்காகக் குடியுங்கள், ஆட்சேபம் இல்லை.

கே: இந்த ஆராய்ச்சியால் எனக்கு என்ன லாபம்?
(ஆட்டோ ஓட்டுநர், சென்னை)

கோவாக்சின் போட்டீர்களா? அதில் அலுமினியத்தோடு டோல் 7, 8 ரிசப்டர்களை உசுப்பும் மூலக்கூறு ஒன்றும் இருந்தது. ஜேன்வேயின் அழுக்கு ரகசியம் உங்கள் தோளிலேயே ஏறியிருக்கிறது. வெளிநாட்டு எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு இதே ரிசப்டர்கள் வில்லன். வெளியே செய்த ஆர்என்ஏவைக் கண்டால் கத்தும். கேட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் ஆர்என்ஏவின் ஓர் எழுத்தைச் சற்றே மாற்றி அந்தக் கத்தலை அடக்கியது 2005-ல். நோபல் வந்தது 2023-ல்.

கே: என் மகள் இந்தத் துறைக்குத்தான் போவேன் என்கிறாள். சோறு போடுமா?
(இல்லத்தரசி, நாகர்கோவில்)

போடும் அம்மா, தாமதமாக. எம்.எஸ்சி., பிஎச்.டி., அதன்பின் போஸ்ட்டாக் என்று முப்பது வயது சாதாரணமாகத் தாண்டும். நேர்வழியில்தான் போக வேண்டும் என்றும் இல்லை. சீனாவில் பிறந்த ஜிஜியன் சென் அமெரிக்காவில் பிஎச்.டி. முடித்து, மருந்துக் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு, 1997-ல்தான் டல்லாஸில் ஆய்வகம் தொடங்கினார். உட்கருவுக்குள் இருக்க வேண்டிய டிஎன்ஏ வெளியே தட்டுப்பட்டால் செல்லுக்கு எப்படித் தெரிகிறது என்பதற்கு அவர் கண்ட விடை, சி-காஸ் என்ற என்சைம். 2024-ல் லாஸ்கர் விருது.

இங்கே பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், டெல்லி தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனம் போன்ற இடங்களில் பிஎச்.டி.க்கு உதவித்தொகை உண்டு. நெட் தேர்வுக்கு இப்போதிருந்தே படிக்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளை பார்ப்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.