குட்டிக் குடல்

கேள்வி: ஆய்வகத்தில் குடலையே வளர்க்கிறார்களாமே! அதற்கு யார் சோறு போடுவது?

பதில்: சோறெல்லாம் ஆகாது. வளர்ச்சிப் புரதங்கள் கலந்த இளஞ்சிவப்புத் திரவம்தான். சில நாளுக்கொரு முறை மாற்றுவார்கள். 2009-ல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகத்தில் தோஷிரோ சாட்டோ, எலிக்குடலிலிருந்து ஒரே ஒரு ஸ்டெம் செல்லை எடுத்து ஜெல்லுக்குள் பதித்தார். அது தானே பெருகி, குழியும் மேடுமாகக் குட்டிக் குடலைக் கட்டிக்கொண்டது. மேஸ்திரி இல்லை, பிளான் அப்ரூவல் இல்லை! பெயர் ஆர்கனாய்டு. (அந்த ஜெல்லே எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுப்பது. அருவருப்பு பார்ப்பவர்கள் வேறு வேலை தேடலாம்.)

விளையாட்டில்லை இது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளியின் மலக்குடலில் துளி திசுவைக் கிள்ளி, இப்படி உருண்டைகளாக வளர்க்கிறார்கள். மருந்தோடு ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளையும் விட்டதும் உருண்டைக்குள் நீர் ஏறி அது உப்பினால், அந்த மருந்து அவருக்குக் கேட்க வாய்ப்புண்டு. உப்பாவிட்டால் விலையுயர்ந்த மாத்திரையை வாங்குமுன் யோசிக்கலாம். நோயாளிக்குப் பதில் உருண்டை மருந்து சாப்பிடுகிறது!

ஒரு சங்கடம். நம் குடலில் உணவு போகும் பக்கம், இந்த உருண்டையில் உள்ளே அடைபட்டிருக்கிறது. பாக்டீரியாவை உள்ளே அனுப்ப, கண்ணாடி நுண்ணூசியால் ஒவ்வொன்றாகக் குத்த வேண்டும். பிஎச்டி மாணவர்களின் முதுகுவலிக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

தவிர, நரம்பு, ரத்தக்குழாய், தசை ஏதும் கிடையாது. பரீட்சைக்கு முதல்நாள் வயிற்றைக் கலக்குவதை இதில் ஆராய முடியாது.