ஒரே கடலில் மூன்று பிழைப்பு

தென் வியட்நாமின் கடற்கரை பற்றி வந்த கேள்விகளுக்கே இந்த முறை முழு இடமும்.

கே: வுங் தாவ் ஊரா, மாகாணமா? வரைபடத்தில் தேடினால் ஹோ சி மின் நகரம் என்று வருகிறதே? (விருதுநகர் வாசகர்)

ப: ஊர்தான். பா ரியா–வுங் தாவ் என்ற மாகாணத்தின் கடலோர நகரமாக இருந்தது. 1991ல் பிறந்த அந்த மாகாணம் 2025 ஜூலை 1ஆம் தேதி ஹோ சி மின் நகரத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது. பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது. எண்ணெய்க் கிணறும் துறைமுகமும் மணலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

கே: அங்கே கருங்கல்லைத் துளைத்து எண்ணெய் எடுக்கிறார்களாமே! நம்பலாமா? (பொறியியல் மாணவி, கோவை)

ப: தாராளமாக நம்பலாம். கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கடலுக்கு அடியில் இருக்கிறது பாக் ஹோ வயல். 1975ல் அமெரிக்க நிறுவனமான மோபில் அங்கே எண்ணெயைக் கண்டது. அதே ஆண்டு போர் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. 1981ல் சோவியத் நாடும் வியட்நாமும் சேர்ந்து வியத்சோவ்பெத்ரோ என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. 1986 ஜூன் 26ல் முதல் எண்ணெய் வந்தது.

ஆனால் மேலடுக்கு மணற்பாறையில் எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை. அத்தோடு கைவிட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். இன்னும் ஆழமாகத் துளைத்தார்கள். 1988ல், விரிசல் விட்ட கருங்கல் அடிப்பாறையிலிருந்து எண்ணெய் பீறிட்டது. கருங்கல்லில் எண்ணெய் உருவாகாது. பக்கத்துப் படிவுப் பாறைகளில் உருவாகி, இந்த விரிசல்களில் வந்து தங்கியிருந்தது. அப்படிப்பட்ட பாறையில் இவ்வளவு பெரிய வயல் உலகத்திலேயே அபூர்வம். போரில் நொறுங்கிப்போன ஒரு நாட்டுக்கு அந்நியச் செலாவணி தந்து நிமிர வைத்ததில் அந்த விரிசல்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

கே: எண்ணெயோடு எரிவாயுவும் வருமே, அதை என்ன செய்தார்கள்? (அதே மாணவி)

ப: ஒன்பது வருடம் கடலிலேயே கொளுத்தினார்கள். கரைக்குக் கொண்டுவர அப்போது குழாய் இல்லை. 1995ல் குழாய் பதித்த பிறகுதான் பா ரியா மின் நிலையத்துக்கு வாயு போய்ச் சேர்ந்தது. பின்னாளில் ஃபூ மியில் பெரிய மின் நிலையங்களும் யூரியா ஆலையும் எழுந்தன. கடலடி வாயு உரமாகி நெல் வயலுக்குப் போகிறது. வாயுவை வீணாக எரித்த காலத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குழாய்க்குச் செலவழிக்க ஏன் யோசிக்கக்கூடாது என்பது விளங்கும்.

கே: அந்தக் கடலில் இந்தியாவுக்குப் பங்கு உண்டா? (காரைக்கால் வாசகர்)

ப: உண்டு. நம் பொதுத்துறை ஓ.என்.ஜி.சி.யின் வெளிநாட்டுக் கிளையான ஓ.என்.ஜி.சி. விதேஷ், 1988லேயே அங்கே ஒரு தொகுதியில் பங்கு வாங்கியது. 2003 முதல் அந்தத் தொகுதியின் லான் தாய் வயலிலிருந்து எரிவாயு கரைக்கு வருகிறது.

கே: சைகோன் ஆற்றிலேயே துறைமுகம் இருக்கும்போது, காய் மெப்பில் இன்னொன்று எதற்கு? (தூத்துக்குடி வாசகர்)

ப: தூத்துக்குடிக்காரர் கேட்கவேண்டிய கேள்விதான்! சைகோன், அதாவது ஹோ சி மின் நகரத் துறைமுகங்கள் ஆற்றின் வளைவுகளைத் தாண்டி உள்ளே இருக்கின்றன. பெருங்கப்பல்களுக்கு அங்கே ஆழம் போதாது. அதனால் சரக்குப் பெட்டிகள் சிங்கப்பூருக்கோ வேறு இடத்துக்கோ போய்க் கப்பல் மாற வேண்டியிருந்தது. காய் மெப் இருக்கும் இடத்தில், தி வாய் ஆறு கடலில் சேரும் பக்கம், இயற்கையாகவே ஆழம். 2009ல் ஆழ்நீர் முனையங்கள் திறந்தன; அமெரிக்காவுக்கு நேராகக் கப்பல் கிளம்பியது. 2023ல், 24,000க்கும் மேற்பட்ட பெட்டிகளை ஏற்றக்கூடிய கப்பல் ஒன்று காய் மெப்பில் வந்து நின்றது. அந்த ஆண்டுக்காக உலக வங்கி போட்ட சரக்குப் பெட்டித் துறைமுகத் திறன் பட்டியலில் காய் மெப்புக்கு 7ஆம் இடம்.

கே: எண்ணெய், துறைமுகம், சுற்றுலா மூன்றும் ஒரே தண்ணீரில் நடந்தால் மீனவர் கதி? (வாசகி, நாகப்பட்டினம்)

ப: கேட்க வேண்டியதைக் கேட்டீர்கள். எண்ணெயை மட்டும் பழி சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. சில பருவங்களில் வுங் தாவ் மணலில் தார் உருண்டைகள் ஒதுங்குவது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீரில் நடந்த மிகப் பெரிய அநியாயத்தைச் செய்தது எண்ணெய்க் கம்பெனி அல்ல. சமையலில் போடும் சுவையூட்டி உப்பான மோனோசோடியம் குளுட்டமேட் தயாரிக்கும் ஆலை அது.

தைவான் நிறுவனமான வெடான், தி வாய் ஆற்றின் மேற்பகுதியில், பக்கத்து டோங் நாய் மாகாணத்தில் ஆலை வைத்திருந்தது. சுத்திகரிக்காத கழிவை மறைவாகப் பதித்த குழாய்கள் வழியே ஆற்றில் விட்டது. அதிகாரிகள் 2008 செப்டம்பரில்தான் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அதற்குள் 14 வருடம் ஓடியிருந்தது. பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் ஆறு செத்துக் கிடந்தது. மீன் இல்லை, இறால் பண்ணை வைத்தவர்கள் கடனாளி ஆனார்கள். அந்தத் தண்ணீரில் நின்றால் இரும்பு அரிக்கிறது என்று கப்பல்காரர்களே வர மறுத்த செய்திகளும் வந்தன.

பிடிபட்ட பிறகாவது பணிந்தார்களா? இல்லை. நஷ்ட ஈடு என்று சொல்லாமல், ‘உதவி’ என்று ஒரு சிறு தொகையை நீட்டினார்கள். விவசாயிகள் வாங்க மறுத்தார்கள். ஹோ சி மின் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேதத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள், வக்கீல்கள் முன்வந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வழக்குக்குத் தயாரானார்கள். 2010 ஆகஸ்டில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் அந்த நிறுவனத்தின் பொருளை அலமாரியிலிருந்து எடுத்தன. அதே மாதம் கேட்ட தொகை முழுவதையும் கொடுக்கச் சம்மதம் வந்தது. டோங் நாய், ஹோ சி மின் நகரம், பா ரியா–வுங் தாவ் மூன்றுக்கும் சேர்த்துச் சுமார் 21,900 கோடி வியட்நாம் டோங்; பா ரியா–வுங் தாவுக்கு மட்டும் 5,360 கோடி. அன்றைய இந்திய மதிப்பில் மொத்தமே ஐம்பது கோடி ரூபாய் சொச்சம்தான். பதினாலு வருடப் பிழைப்புக்கு அது போதாது என்பதே என் கருத்து. ஆனாலும் அதைச் சட்டமும் சந்தையும் ஒன்றாக நெருக்கியே வாங்க முடிந்தது.

கே: கடற்கரை குளிக்க நல்லதா? (மதுரை வாசகர்)

ப: வுங் தாவின் ‘பின்கரை’ என்ற கடற்கரை நீளமானது, மணல் அருமை, அலை பலமானது. ஆபத்தும் அங்கேதான். மணலுக்கு நடுவே பள்ளம் விழுந்த இடங்களில் நீரோட்டம் ஆளை உள்ளே இழுத்துவிடும். கொடி நட்டு எச்சரித்திருக்கும் இடத்தில் காலை வைக்காதீர்கள். உயிர்காப்பாளர் விசில் அடித்தால், எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும், கரையேறிவிடுங்கள்.

கே: திமிங்கலத்துக்குக் கோயிலாமே? (சிறுமி, கன்னியாகுமரி)

ப: ஆமாம் குட்டி! தங் தாம் என்ற இடத்தில் இருக்கிறது. புயலில் படகைத் தாங்கிக் காப்பாற்றும் தெய்வம் என்று மீனவர்கள் திமிங்கலத்தைக் கும்பிடுகிறார்கள். செத்து ஒதுங்கிய திமிங்கலத்தை முதலில் பார்த்தவர் அதற்கு மூத்த பிள்ளையாக நின்று துக்கம் காக்க வேண்டும். எலும்புகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவர்களின் சந்திர மாதக் கணக்கில் எட்டாம் மாதம் திருவிழா.

கே: எண்ணெய் தீர்ந்தால் அந்த ஊர் என்னாகும்? (சேலம் வாசகர்)

ப: பாக் ஹோவின் உச்சக் காலம் இருபது வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் கடலில் இரும்புக் கோபுரம் நட்டுப் பழகிய பற்றவைப்பாளர்களும் பொறியாளர்களும் அங்கே இருக்கிறார்கள். தைவான் கடலின் காற்றாலைகளுக்கு 33 அடித்தாங்கிகள் செய்யும் ஒப்பந்தம் 2023ல் வுங் தாவின் கட்டுமானத் தளத்துக்குக் கிடைத்தது. கிணறு வற்றினாலும் கைத்தொழில் வற்றவில்லை. எனக்கு அதில்தான் நம்பிக்கை. இன்னொரு பந்தயமும் கட்டினார்கள்: லாங் சோன் தீவில் தாய்லாந்து நிறுவனம் 500 கோடி டாலருக்கு மேல் கொட்டிப் பெட்ரோ ரசாயன ஆலை எழுப்பியது. வணிக உற்பத்தி தொடங்கிய சில நாட்களிலேயே, 2024 அக்டோபரில், சந்தை மோசம் என்று நிறுத்த நேர்ந்தது.

கே: சைகோனுக்குக் குடும்பத்தோடு போகிறோம். வுங் தாவுக்கு ஒரே ஒரு நாள்தான். என்ன செய்யலாம்? (வாசகி, திருச்சி)

ப: சுமார் நூறு கிலோமீட்டர்தான், வார இறுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், சாலை திணறும். காலையில் பான் கோட் சாப்பிடுங்கள். நம் குழிப்பணியாரச் சட்டி மாதிரியே ஒன்றில் அரிசி மாவை ஊற்றி, மேலே இறால் வைத்துத் தருவார்கள். பிறகு சிறிய மலையில் 32 மீட்டர் உயரமுள்ள இயேசு சிலை. உள்ளே 133 படி ஏறினால் தோளில் நின்று கடல் முழுவதையும் பார்க்கலாம். நங்கூரம் போட்ட கப்பல்களைப் பிள்ளைகள் எண்ணட்டும்.

மதியம் லாங் சோன் பக்கம் போங்கள். ஆற்றில் மிதக்கும் தெப்பக் கூண்டுகளில் மீன் வளர்க்கிற குடும்பத்தார் அங்கேயே சமைத்தும் போடுகிறார்கள். 2015ல் அங்குள்ள சா வா ஆற்றில், மீன் பதப்படுத்தும் ஆலைகளின் கழிவால் இந்தக் கூண்டு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதற்குப் பிறகும் விடாமல் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். அவர்களிடம் பேரம் பேசாமல் சாப்பிடுங்கள், பிளாஸ்டிக் பையை ஆற்றில் போடாதீர்கள்.